வயதான அப்பா அம்மாவுக்குத் தடிமன், காய்ச்சல் வந்தால்: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் இருந்த அப்பா அம்மாவை அண்மையில் கொழும்புக்குக் கூட்டி வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாடி வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்களா? இது உங்களுக்காகத்தான். ஊரில் என்றால் எந்த டொக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று யோசிக்கத் தேவையில்லை. இங்கே ஒரு வீதிக்குள் நாலு பாமசி இருக்கும், ஆனால் இரவு பதினொரு மணிக்கு எங்கே போவது என்று விளங்காது. எண்பதைத் தாண்டிய என் அப்பாவுக்கு வந்த சாதாரணத் தடிமன் நிமோனியாவில் போய் முடிந்தபோது, வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நான் வைத்தியர் இல்லை. டொக்டர்மாரிடமும் தாதிமாரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வருத்தம் வருமுன்பே ஒரு பைல் தயார் செய்யுங்கள்

இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். காய்ச்சல் வந்த பிறகு அலுமாரியைக் கிளறிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. பைலுக்குள் இருக்க வேண்டியவை:

- தேசிய அடையாள அட்டையின் இரண்டு பிரதிகள்
- கிளினிக் கொப்பி, கடைசியாக எடுத்த ரத்த அறிக்கைகள் (சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் அறிக்கை முக்கியம்), ஈசிஜி
- தினமும் எடுக்கும் குளிசைகளின் பட்டியல்
- ஒவ்வாத மருந்துகள் ஏதும் இருந்தால் அவற்றின் பெயர்
- காப்புறுதி இருந்தால் அதன் அட்டை

குளிசைப் பட்டியலில் கம்பனிப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரே மருந்து அரசாங்க கிளினிக்கில் ஒரு பெயரிலும் பாமசியில் இன்னொரு பெயரிலும் வரும். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரல் போல ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து இருந்தால் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து, கூடப் பிறந்தவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், அவர் சுகமாக இருக்கும் ஒரு நாளில் உடல் வெப்பம், பிரஷர், ஒக்சிசன் அளவு, நிறை நாலையும் அளந்து பைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சிலருக்கு, முக்கியமாக நீண்டகால நுரையீரல் வருத்தம் உள்ளவர்களுக்கு, சுகமாக இருக்கும்போதே ஒக்சிசன் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்த எண் தெரியாவிட்டால் வருத்தத்தின்போது அளந்து பார்க்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

2. வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீற்றர், விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர், பிரஷர் மெஷின், பரசிட்டமோல். இவ்வளவு போதும். பரசிட்டமோலை அரசாங்க பாமசியான ஒசுசலவில் வாங்கினால் விலை குறைவு. ஒக்சிமீற்றர் வைக்கும்போது கை குளிர்ந்திருக்கக் கூடாது. நகப்பூச்சோ அடர்த்தியான மருதாணியோ இருந்தால் அளவு பிழையாகக் காட்டலாம். விரலை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்து, எண் ஓரிடத்தில் நின்ற பிறகு எழுதுங்கள்.

3. தடிமனா, ஃபுளூவா, டெங்குவா?

தடிமன் மெதுவாக வரும். முதலில் தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், பிறகு இருமல். காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுபடலாம்.

ஃபுளூ, அதாவது இன்ஃபுளுவென்சா, திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கை கால் எல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, குளிருகிறது என்று படுத்துவிடுவார். இலங்கையில் ஏப்ரல் முதல் ஜூன் வரையும் நவம்பர் முதல் ஜனவரி வரையும் இது கூடும். கோவிட்டும் இதே மாதிரித் தொடங்கலாம். வீட்டில் செய்யும் அன்டிஜன் பரிசோதனைப் பெட்டி கிடைத்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஃபுளூவுக்கு ஒசெல்டமிவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது. டொக்டர் எழுதிக் கொடுத்தால்தான் எடுக்க வேண்டும். அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் அதிக பலன். ஆகவே 65 வயதைத் தாண்டியவருக்குத் திடீர்க் காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால் 'இரண்டு நாள் பார்ப்போம்' என்று தள்ளாதீர்கள். அந்த இரண்டு நாள்தான் மருந்துக்கு உரிய நேரம்.

கொழும்பில் இருப்பவர்கள் மறக்கவே கூடாதது டெங்கு. நாட்டில் டெங்கு அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் கொழும்பு முன்னணியில் நிற்கிறது, அதுவும் மழைக்காலத்தோடு கூடும். ஃபுளூ கூடும் மாதங்களும் கிட்டத்தட்ட அவைதான். மூக்கொழுகல், இருமல் டெங்குவில் பெரிதாக இராது. ஆனால் முதல் இரண்டு நாளில் வெளித்தோற்றத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை கட்டாயம். வயதானவர் என்றால் டொக்டர் அதற்கு முன்பே எடுக்கச் சொல்வார். டெங்கு அன்டிஜன் பரிசோதனை முதல் சில நாட்களில்தான் பயன்படும். இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இந்த இரண்டு பரிசோதனைக்கும் தனியார் ஆய்வுகூடங்கள் வாங்கக்கூடிய உச்ச விலையை அரசாங்கம் வர்த்தமானியில் நிர்ணயித்திருக்கிறது. பில்லில் கூடுதலாகக் கண்டால் தயங்காமல் கேளுங்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகும்போது வயிற்று நோவு, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், எங்காவது ரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. தெர்மாமீற்றரை மட்டும் நம்ப வேண்டாம்

என்னைக் கேட்டால் இந்த முழுக் கட்டுரையிலும் இந்தப் பகுதிதான் முக்கியம். வயது போகப் போக உடம்பு காய்ச்சலைக் காட்டும் வேகம் குறைந்துவிடுகிறது. நிமோனியா இருந்தும் காய்ச்சல் இல்லாத முதியவர்கள் உண்டு. சாதாரணமாகவே அவர்களின் உடல் வெப்பம் கொஞ்சம் குறைவு. ஆகவே 37.8 செல்சியஸ், அதாவது 100 பரன்ஹீட், காட்டினாலே காய்ச்சல் என்று எடுங்கள். அது காட்டாவிட்டாலும், அவரது வழமையான அளவைவிட ஒரு செல்சியஸுக்கு மேல் ஏறியிருந்தால் கவனியுங்கள்.

அப்பாவுக்கு அன்று 99 பரன்ஹீட் தான் காட்டியது. ஆனால் காலைப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப் போயிருந்தது. என்னை அவருடைய தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'கடையைப் பூட்டியாச்சா' என்று கேட்டார். கடை விற்று எத்தனையோ வருடம். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் குடும்ப டொக்டர் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்.

திடீர்க் குழப்பம், பகல் முழுக்க அயர்ந்து தூங்குதல், எழும்பும்போது தள்ளாடி விழுதல், இரண்டு வேளை தொடர்ந்து சாப்பாட்டை ஒதுக்குதல், முன்பு இல்லாத சிறுநீர்க் கசிவு. வயதானவரில் இவையெல்லாம் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். 'வயசு போனால் அப்படித்தான்' என்று சொந்தக்காரர் சொல்வார்கள். நேற்று அப்படி இல்லை என்றால், இன்று ஏதோ நடந்திருக்கிறது.

ஒரு கொப்பியில் காலை, மதியம், இரவு என்று வெப்பம், ஒக்சிசன், பிரஷர், எவ்வளவு குடித்தார், எத்தனை தரம் சிறுநீர் கழித்தார் என்று எழுதுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சையும் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சாதாரணம். 24க்கு மேல் போனால் டொக்டரிடம் கதையுங்கள்.

5. வீட்டில் பார்க்கும்போது

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது. கேட்டால் வேண்டாம் என்பார்கள். கேட்காமல் கையில் கொடுங்கள். கஞ்சி, ரசம், கொத்தமல்லித் தண்ணி, வேர்க்கொம்புத் தேத்தண்ணி எல்லாம் நல்லவை. சீனி வருத்தம் உள்ளவர் என்றால் பாக்கெட்டில் வரும் சமஹன் போன்ற பானங்களில் சீனி இருப்பதை மறக்காதீர்கள். இருதய பலவீனத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை டொக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

நாள் முழுக்கப் படுக்க விடாதீர்கள். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தால் சளி இளகும், மூச்சும் இலகுவாகும். பகலில் இரண்டு மூன்று தரம் கையைப் பிடித்து அறைக்குள் நடக்க வையுங்கள். கொதிநீர்ச் சட்டியை மடிக்கு நேரே வைத்துப் போர்வை மூடி ஆவி பிடிப்பதை இந்த வயதில் தவிருங்கள். கை நடுங்கிச் சட்டி கவிழ்ந்தால் தடிமனைவிடப் பெரிய வருத்தம் வரும். குளியலறையில் சுடுதண்ணியைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார வைத்தால் போதும்.

பேரப்பிள்ளைகளுக்குத் தடிமன் என்றால் இரண்டு மூன்று நாள் தாத்தா பாட்டியின் அறைக்குள் விடாதீர்கள். கஷ்டம்தான், ஆனால் அவசியம். பார்த்துக்கொள்பவர் மாஸ்க் போடட்டும், யன்னலைத் திறந்து வையுங்கள்.

6. மருந்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பரசிட்டமோல்: 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவருக்கு ஒரு தரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில். 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எக்காரணம் கொண்டும் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. அளவை டொக்டரிடம் கேளுங்கள். தடிமனுக்கென்று விற்கும் பல கலவைக் குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கிறது. பனடோலும் அதுவும் சேர்ந்தால் இரட்டிப்பாகிவிடும். பெட்டியைத் திருப்பி வாசியுங்கள்.

காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். டெங்கு இருந்தால் ரத்தக் கசிவுக்கு வழி செய்யும். டெங்கு இல்லாவிட்டாலும் பிரஷர் குளிசை எடுக்கும் முதியவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இருதயத்துக்காக ஏற்கெனவே தினமும் அஸ்பிரின் எடுப்பவர் என்றால், காய்ச்சல் வந்த முதல் நாளே அதைத் தொடர்வதா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

பிரிட்டோன்: எல்லா வீட்டிலும் இருக்கும் சின்னக் குளிசை. மூக்கொழுகலை நிறுத்தும். ஆனால் முதியவர்களுக்குத் தலைச்சுற்றலும் குழப்பமும் தந்து இரவில் விழ வைக்கும். புரொஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎபெட்ரின் பிரஷரை ஏற்றும். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து போதும்.

அன்டிபயோட்டிக் தடிமனுக்கும் ஃபுளூவுக்கும் வேலை செய்யாது. டொக்டரின் துண்டு இல்லாமல் கேட்டாலும் நாலு அமொக்சிசிலினை எண்ணித் தரும் பாமசி உண்டு. வாங்காதீர்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு அன்டிபயோட்டிக் எழுதினால் அந்த டொக்டரிடமே வார்ஃபரினைச் சொல்லிக் காட்டுங்கள். ரத்தம் உறையும் அளவு மாறிவிடும்.

பக்கத்து வீதி டிஸ்பென்சரியில் டொக்டரே குளிசைகளைச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார். உறையில் 'காலை 1, இரவு 1' என்று மட்டும் இருக்கும். எங்களுக்குக் கிடைத்த உறையில் மருந்தின் பெயர் இல்லாததால், மறுநாள் ஆஸ்பத்திரியில் 'என்ன கொடுத்தீர்கள்' என்று கேட்டபோது வெள்ளை, மஞ்சள் என்றுதான் சொல்ல முடிந்தது. அங்கேயே நின்று, ஒவ்வொரு உறையிலும் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். மறுக்க மாட்டார்கள்.

வாந்தி, வயிற்றோட்டம் இருந்தாலோ சாப்பாடு இறங்காவிட்டாலோ சீனிக்கான மெட்ஃபோர்மின், சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூஸ்மைட், பிரஷருக்கான லொசார்டன், எனாலாப்ரில் போன்றவற்றைத் தொடர்வதா, நிறுத்தி வைப்பதா என்று டொக்டரிடம் போனிலாவது கேளுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலின்போது சீனி ஏறும், சாப்பிடாவிட்டால் இறங்கவும் செய்யும். அளந்து பார்க்க வேண்டிய நேரம் அது.

7. யாரிடம், எப்போது, எவ்வளவு செலவு

முதல் நாள் குடும்ப டொக்டர். ஒரே பில்லில் பார்வையும் மருந்தும் முடிந்துவிடும், தனியாரில் ஆகக் குறைந்த செலவு இதுதான்.

விசேட வைத்தியரைச் சனல் பண்ணினால், அதாவது தனியாரில் நேரம் பதிந்து பார்த்தால், பில்லில் டொக்டரின் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம் இரண்டும் சேரும். இணையத்தில் பதிந்தால் சேவைக் கட்டணமும் சேரும். மாலையில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டிவரும். காய்ச்சலோடு ஒரு முதியவரை அந்தக் கூட்டத்துக்குள் உட்கார வைக்காதீர்கள். தனியார் ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) முன்பதிவு இல்லாமலே ஒரு டொக்டரைப் பார்க்கலாம். அவசரத்துக்கு அதுவே மேல். ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. வருகைக் கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்வை, வாட்டு, மருந்து எல்லாம் இலவசம். இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால் அதற்குத்தான் செலவு. கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் தேசிய வைத்தியசாலை, நம்மவர் சொல்லும் பெரியாஸ்பத்திரி. வெள்ளவத்தைப் பக்கம் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. இரவில் போவதானால் அவசர சிகிச்சைப் பிரிவைக் கேட்டுப் போங்கள்.

தனியாரில் அனுமதிக்குமுன் முற்பணம் கேட்பார்கள். அறை வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். டொக்டரின் வருகை, தாதியர் கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு நாளும் 'இன்றுவரை பில் எவ்வளவு' என்று கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று வந்துவிட்டால் தொகை கைமீறிப் போகும். பணம் இழுபறியாகும் என்று தெரிந்தால் முதலிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதே என் அபிப்பிராயம். மோசமான நிலையில் இடையில் மாற்றுவது நோயாளிக்கும் கஷ்டம், வீட்டாருக்கும் கஷ்டம்.

8. 1990 அம்புலன்ஸை எப்போது அழைப்பது

ஒக்சிசன் 94க்குக் கீழே இறங்கினால் அன்றே டொக்டர். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் நேரே ஆஸ்பத்திரி. நீண்டகால நுரையீரல் வருத்தம் உள்ளவருக்கு இந்த எல்லை வேறு. சுகமாக இருக்கும்போதே டொக்டரிடம் கேட்டு பைலில் எழுதி வையுங்கள். பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்குதல், நெஞ்சு நோவு, உதடு நீலம் பூத்தல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, அரை நாளாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள். இன்னொன்று: தடிமன் சுகமாகி வந்து, நாலைந்து நாளில் மறுபடி காய்ச்சலும் இருமலும் கூடினால் நிமோனியாவாக இருக்கலாம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகளில் வீட்டு இலக்கம் கண்டுபிடிப்பது சிரமம். கோயில், பாடசாலை என்று அடையாளம் சொல்லுங்கள், ஒருவரை ஒழுங்கை முனையில் நிற்க விடுங்கள். லிஃப்ட் எத்தனையாம் மாடி வரை வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்கும் ஒருவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வழியில் ஒக்சிசன் கொடுக்க முடியாது.

9. வாட்டில் அனுமதித்தால்

பைலோடு ஒரு பையில் சாரம் அல்லது மெல்லிய உடுப்பு, பெட்சீற், துவாய், செருப்பு, கோப்பை, தட்டு, சுடுதண்ணிப் போத்தல், மூக்குக்கண்ணாடி, காது கருவி, பல்செட் டப்பா. கண்ணாடியும் காது கருவியும் இல்லாவிட்டால் குழப்பம் இன்னும் கூடும், ஆகவே இவை இரண்டையும் மறக்க வேண்டாம். நகைகளைக் கழற்றி வீட்டில் வையுங்கள். வாட்டு இலக்கத்தையும் பெட் ஹெட் டிக்கெட் (வாட்டில் நோயாளிக்கு வைக்கும் குறிப்பேடு) இலக்கத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். எதை விசாரித்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பல இடங்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இல்லாவிட்டால் சமாளிக்க: காய்ச்சலுக்கு 'உண', இருமலுக்கு 'கெஸ்ஸ', மூச்சு விடக் கஷ்டம் என்றால் 'ஹுஸ்ம கன்ன அமாருய்'. அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது என்றால் பெரிய எழுத்தில் 'தமிழ் மட்டும் தெரியும், காது மந்தம்' என்று தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு சிங்களத்தில் எழுதுவித்துப் பைலின் மேல் ஒட்டுங்கள். பதில் சொல்லாமல் இருப்பதை மயக்கம் என்றோ, தவறான பதிலைக் குழப்பம் என்றோ எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அப்போது குறையும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

டயக்னோசிஸ் காட் (என்ன வருத்தம், என்ன மருந்து என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் அட்டை) இல்லாமல் வெளியே வராதீர்கள். அதில் புதிய மருந்து எது, நிறுத்திய மருந்து எது என்று தாதியிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பழைய குளிசைகளை அன்றே பிரித்து எடுத்து வையுங்கள். களைப்பு சில வாரம் இருக்கும். முதல் வாரத்தில் தனியாகக் குளியலறைக்குப் போக விடாதீர்கள்.

சுகமானதும் டொக்டரிடம் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஃபுளூ ஊசி வருடத்துக்கு ஒருமுறை. போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் அளவில் எடுக்கும், ஆகவே ஏப்ரலுக்கோ நவம்பருக்கோ முன்கூட்டியே போடுவது நல்லது. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான நிமோகொக்கல் ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். இவற்றைத் தனியார் ஆஸ்பத்திரிகளின் தடுப்பூசிப் பிரிவில் போடலாம். எல்லா நேரமும் இருப்பில் இராது, ஆகவே போனில் இருப்பையும் விலையையும் கேட்டுவிட்டு, கிளினிக் கொப்பியோடு கூட்டிக்கொண்டு போங்கள். போட்ட திகதியையும் ஊசியின் பெயரையும் பைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.